மாசாய் மாராவில் மறிமான்களைப் படமெடுப்பது: முதல்முறை போகிறவர்களுக்கு

கென்யாவின் மாசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்துக்குப் போய்வந்தவர்களின் மெமரி கார்டைப் பார்த்தால் சிங்கம் ஆயிரம் படம் இருக்கும், இம்பாலா என்னும் மறிமான் பத்துப் படம் இருக்கும். அந்தப் பத்தும் அடுத்த சிங்கத்தைத் தேடி வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்தவை. அந்தப் புல்வெளியின் உயிரே இந்த மந்தைகள்தான். அவற்றுக்கென்று இரண்டு காலைப்பொழுதுகளை முழுதாக ஒதுக்க விரும்புகிறவர்களுக்காக இந்தக் குறிப்பு. கேமராவின் அடிப்படை தெரியும் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. புள்ளிமான்போலக் கிளைவிட்டு உதிரும் கொம்புள்ள மான் எதுவும் சஹாராவுக்குத் தெற்கே இயற்கையாகக் கிடையாது. அங்கே நாம் பார்ப்பவை எல்லாம் மறிமான்கள். கொம்பு கிளைக்காது, உதிராது. தாம்சன் கசெல்லுக்கு நம் வெளிமான் நெருங்கிய சொந்தம். அதனால் கிளம்புவதற்கு முன் கோடியக்கரையில் இரண்டு நாள் வெளிமான்களோடு பழகிவிட்டுப் போனால் கை பழகிவிடும். திறந்த புல்தரை, துள்ளல் ஓட்டம், பத்து மணிக்கு மேல் எழும் கானல் எல்லாம் அங்கேயும் உண்டு.

எந்த மாதம்

ஜூலை முதல் அக்டோபர் வரை தான்சானியாவின் செரெங்கெட்டியிலிருந்து வைல்டபீஸ்ட் கூட்டம் மாராவுக்கு வந்திருக்கும். ஆற்றைக் கடக்கும் காட்சி வேண்டுமென்றால் அப்போதுதான். மற்ற மறிமான்களுக்கு என் தேர்வு ஜனவரி, பிப்ரவரி. புல் குட்டை, நிறம் பச்சை, வண்டிகள் குறைவு. புல்லின் உயரத்தை யாரும் யோசிப்பதில்லை. தாம்சன் கசெல்லின் தோள் உயரம் ஏறக்குறைய 65 செ.மீ.தான். மழைக்குப் பிறகு வளர்ந்த புல்லில் கொம்பு மட்டும்தான் தெரியும். ஏப்ரல், மே நெடுமழைக் காலத்தில் கரிசல் மண்ணில் வண்டி புதைந்தால் பாதி நாள் போய்விடும்.

லென்ஸும் மூட்டையும்

எவ்வளவு நீள லென்ஸ் வேண்டும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. கொம்போடு சேர்த்து ஒன்றரை மீட்டர் உயரம் நிற்கும் ஆண் இம்பாலா, ஃபிரேமின் உயரத்தில் பாதியை நிரப்ப வேண்டும் என்று கொள்ளுங்கள். ஃபுல் ஃபிரேம் கேமராவில் 400 மி.மீ. லென்ஸ் என்றால் 50 மீட்டரிலும், 600 மி.மீ. என்றால் 75 மீட்டரிலும் அது நிற்க வேண்டும். கிராப் சென்சாரில் 400 மி.மீ.யே 600 மி.மீ. வேலையைச் செய்துவிடும்.

என் விருப்பம் சோனி 200-600 அல்லது நிக்கான் 180-600. இரண்டும் சுமார் 2 கிலோ, ஆனால் ஜூம் செய்யும்போது லென்ஸ் வெளியே நீளாது. வெளியே நீளும் லென்ஸ் ஒவ்வொரு முறை உள்ளே இழுபடும்போதும் மாராவின் புழுதியையும் கூடவே இழுக்கும். உங்களிடம் இருப்பது அப்படிப்பட்ட லென்ஸ்தான் என்றால் புதிதாக வாங்க வேண்டியதில்லை. கழுத்துப் பகுதியில் ஒரு துணியைச் சுற்றிவிடுங்கள். வண்டிக்குள் லென்ஸ் மாற்றவே மாற்றாதீர்கள்.

டிரைபாட் வண்டியில் விரியாது, வீட்டிலேயே இருக்கட்டும். ஜன்னல் விளிம்பில் போட ஒரு தாங்குபை போதும்: கெட்டித் துணியில் ஜிப் வைத்துத் தைத்தது. காலியாகக் கொண்டுபோய் நைரோபியில் 2 அல்லது 3 கிலோ அரிசியோ காய்ந்த பீன்ஸோ வாங்கி நிரப்புங்கள். முக்கால் பாகம்தான் நிரப்ப வேண்டும். இறுக நிரப்பினால் லென்ஸ் உருளும். நைரோபியின் வில்சன் விமான நிலையத்திலிருந்து சிறு விமானத்தில் போகிறவர்களுக்கு மென்மையான பையில் மொத்தம் 15 கிலோதான் வழக்கமான வரம்பு, அதனால் அரிசியை ஊரிலிருந்து சுமக்க முடியாது. தூசிக்குப் பாலித்தீன் பை எடுத்துப்போகலாம் என்று நினைக்காதீர்கள். கென்யா 2017-லேயே அவற்றைத் தடை செய்துவிட்டது. பழைய தலையணை உறையில் கேமராவை நுழைத்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள், அதைவிட நல்ல உறை கிடையாது.

டிரைவரிடம் முதல் நாளே சொல்ல வேண்டியது

சொல்லாவிட்டால் அவர் சிங்கத்தைத் தேடித்தான் போவார். வருகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். அவர்களின் சுவாஹிலி மொழியில் "சுவாலா" என்றால் இம்பாலாவும் கசெல்களும். "நியமேரா" என்பது டோபி, "கொங்கோனி" ஹார்ட்பீஸ்ட், "போஃபு" ஈலாண்ட், "நியும்பு" வைல்டபீஸ்ட், எல்லாமே மறிமான் வகைகள்தான். "சிமாமா" என்றால் நிறுத்துங்கள், "போலே போலே" என்றால் மெதுவாக, "ஸிமா இஞ்சினி" என்றால் இஞ்சினை அணையுங்கள். இந்தக் கடைசிச் சொல்தான் ஒரு நாளில் அதிகம் தேவைப்படும். டீசல் இஞ்சினின் அதிர்வு தாங்குபை வழியாக லென்ஸுக்கு ஏறும்.

வண்டி விலங்கை நோக்கி நேராகப் போகக் கூடாது. பக்கவாட்டில் கடந்துபோவதுபோலச் சாய்ந்து, நின்று, மறுபடி கொஞ்சம் போக வேண்டும். மேய்கிற தலைகளில் ஒன்று நிமிர்ந்தால் பரவாயில்லை. எல்லாத் தலையும் நிமிர்ந்து காது முன்னோக்கி விறைத்தால் அங்கேயே நிறுத்தி இஞ்சினை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள். உங்களையே முறைத்துப் பார்க்கும் மான் நல்ல படமாவதில்லை. அது மறந்து மேயத் தொடங்கிய பிறகு வருவதுதான் படம். அதே விறைத்த காதும் பார்வையும் உங்கள் பக்கம் இல்லாமல் வேறு திசையில் இருந்தால், அங்கே சிறுத்தையோ சிங்கமோ இருக்க வாய்ப்பு அதிகம். ரிசர்வுக்குள் தடத்தை விட்டு இறங்கி ஓட்ட அனுமதி இல்லை, டிரைவரை அதற்கு வற்புறுத்தாதீர்கள்.

செட்டிங்

நிற்கும் விலங்குக்கு 1/800, நடந்தால் 1/1250, ஓடினாலோ துள்ளினாலோ 1/2500. அப்பெர்ச்சரை லென்ஸின் அதிகபட்சத் திறப்பில் விட்டு, ஐஎஸ்ஓவை ஆட்டோவில் வையுங்கள். விடியலில் 6400 வரை போனாலும் கவலை வேண்டாம். படத்தின் இரைச்சலை (நாய்ஸ்) பிறகு குறைத்துக்கொள்ளலாம், ஆனால் அசைவில் கலங்கிய கண்ணைச் சரிசெய்ய வழியில்லை.

கண்ணைத் தானே கண்டுபிடிக்கும் ஆட்டோஃபோகஸ் இம்பாலாவிலும் கசெல்லிலும் நன்றாக வேலை செய்யும். டோபி, வைல்டபீஸ்ட் இரண்டுக்கும் முகமே கறுப்பு, அதில் கறுப்புக் கண் தனித்துத் தெரியாது. அங்கே ஒற்றைப் புள்ளி ஃபோகஸுக்கு மாறிக் கொம்பின் அடியில் வையுங்கள். முன்னால் ஆடும் புல்லை ஃபோகஸ் பிடித்துக்கொள்வது இன்னொரு தொல்லை. லென்ஸில் ஃபோகஸ் லிமிட்டர் இருந்தால் தொலைவுப் பக்கம் தள்ளிவிடுங்கள், வண்டியை ஒட்டிய புல் தொந்தரவு போய்விடும். 500 மி.மீ., எஃப் 6.3-இல் 20 மீட்டர் தூரத்தில் தெளிவாக இருக்கும் ஆழம் ஏறக்குறைய 60 செ.மீ. மட்டும்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

கானல்: படம் மழுங்குவதற்கு முதல் காரணம்

விலை உயர்ந்த லென்ஸ், 1/2000, இஞ்சின் அணைத்தாயிற்று, ஃபோகஸ் புள்ளியும் கண்மேலேயே இருந்தது. அப்படியும் படம் பஞ்சுபோல இருக்கும். லென்ஸைச் சந்தேகித்துச் சர்வீஸுக்குக் கொடுப்பவர்கள் உண்டு. பெரும்பாலும் லென்ஸில் குறையே இருக்காது, நடுவிலிருக்கும் காற்றில்தான் குறை. வெயிலில் சூடான தரைக்கு மேல் சூடும் குளிருமாகக் காற்று கலங்கும்போது ஒளி வளைந்து வளைந்து வருகிறது. மாரா கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இரவு குளிர்ந்து, விடிந்ததும் தரை வேகமாகச் சூடேறும்.

எது தவறு என்று கண்டுபிடிக்க, படத்தை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்குங்கள். மானுக்கு முன்னாலோ பின்னாலோ இருக்கும் புல் கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் தவறு. எல்லா விளிம்பும் ஒரே திசையில் இரட்டையாகத் தெரிந்தால் கை அசைவு. எங்குமே கூர்மை இல்லாமல், புல்லின் கோடுகள் நெளிந்து, அடுத்தடுத்த ஐந்து படங்களில் மழுங்கல் ஒவ்வொன்றிலும் வேறுமாதிரி இருந்தால் அது கானல். கேமராத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் மான் தண்ணீருக்குள் நிற்பதுபோல அலைவது நேரிலேயே தெரியும்.

கானலை எந்த மென்பொருளும் நேராக்காது. தூரத்தைக் குறைப்பதுதான் வழி. வெயில் ஏறிய பிறகு 40 மீட்டருக்கு மேல் உள்ள எதையும் நான் எடுக்கச் சொல்லமாட்டேன். விடியலில் அதே லென்ஸில் 100 மீட்டர்கூட நன்றாக வரும். மேகம் மூடிய நாளும் மழை பெய்து தரை நனைந்த மறுநாளும் வரம், மதியம்வரை எடுக்கலாம்.

உயரத்துக்கும் இதில் பங்கு உண்டு. கலங்கல் தரையை ஒட்டித்தான் மோசம். காலையில் ஜன்னல் உயரத்திலிருந்து, மானின் கண்மட்டத்துக்கு எவ்வளவு தாழ முடியுமோ அவ்வளவு தாழ்ந்து எடுங்கள். பின்னணி தூரமாகி, விலங்கு தனித்து நிற்கும். ஒன்பது மணிக்கு மேல் அந்தத் தாழ்வே எதிரி. அப்போது கூரையைத் திறந்து மேலே நின்று எடுத்தால் கோணம் சுமாராக இருந்தாலும் கூர்மை மிஞ்சும்.

வண்டியே கானலை உண்டாக்கும் என்பது பலருக்குத் தெரியாது. இப்போதுதான் நின்ற வண்டியின் பானெட் அடுப்புபோலக் கொதிக்கும். அதன் மேலாக எடுக்கும் படம் எல்லாம் வீண், அதனால் வண்டியின் பக்கவாட்டில் மான் இருக்குமாறு நிறுத்தச் சொல்லுங்கள். குளிர்ந்த காலையில் ஹீட்டர் போட்டுவிட்டு ஜன்னலைத் திறந்தாலும் இதே கதிதான், உள்ளேயிருக்கும் வெதுவெதுப்பான காற்று லென்ஸுக்கு முன்னாலேயே வெளியேறும். ஹீட்டர் வேண்டாம், ஒரு கம்பளி போர்த்திக்கொள்ளுங்கள்.

ஒளி

மாரா நிலநடுக்கோட்டுக்குச் சற்றுத் தெற்கே இருப்பதால் ஆண்டு முழுதும் சூரியன் ஏறக்குறைய ஆறரை மணிக்கு உதித்துச் செங்குத்தாக மேலே ஏறும். எட்டரைக்குள் 30 டிகிரி உயரத்துக்கு வந்துவிடும். ஆக நல்ல ஒளி என்பது இரண்டு மணி நேரம்தான். காப்பகத்தின் கேட் ஆறு மணிக்குத் திறக்கும்போதே உள்ளே இருக்க வேண்டும், காலை உணவைப் பெட்டியில் கட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் இருபது நிமிடம் சூரியனை மானுக்குப் பின்னால் வைத்து எடுங்கள். எக்ஸ்போஷரை 1 முதல் 1.7 ஸ்டாப்வரை குறைத்தால் உடலைச் சுற்றிப் பொன்கோடு விழும், இம்பாலாவின் காது நரம்போடு சிவந்து ஒளிரும். பிறகு சூரியன் உங்கள் முதுகுக்கு வரட்டும். கசெல்லின் வெள்ளை வயிறு வெளுத்துப்போகாமல் இருக்க 0.3 குறையுங்கள், டோபிக்கு 0.7 கூட்டுங்கள்.

எந்த விலங்கில் எதைத் தேடுவது

டோபி கறையான் புற்றின் மேல் சிலைபோல நிற்கும். தொடையில் நீலக்கருமை, காலில் மஞ்சள். வானம் பின்னணியாக வரும்படி வண்டியைத் தாழ்வான பக்கம் நிறுத்துங்கள். இனச்சேர்க்கைக் காலத்தில் விலகிப்போகும் பெண்ணைத் தடுக்க, வேட்டை விலங்கு எதுவும் இல்லாமலேயே ஆண் டோபி அபாயச் சீறல் விடும். மாராவில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வு இதை உறுதி செய்தது. பெண் நடக்க, ஆண் காதை விறைத்து எதிர்த்திசையைப் பார்ப்பதைக் கண்டால் விரலைத் தயாராக வையுங்கள், அடுத்த சில நொடி முக்கியம்.

இம்பாலாவில் ஆணுக்கு மட்டும்தான் கொம்பு. பெண் மந்தையை எடுக்கும்போது ஒன்றன்மேல் ஒன்று ஒட்டாமல், தலைகளுக்கிடையே வெளிச்சம் தெரியும்வரை பொறுத்திருங்கள். கசெல்களில் குழப்பம் வந்தால் பின்பக்கத்தைப் பாருங்கள்: வெள்ளை வாலுக்கு மேலேயும் ஏறியிருந்தால் கிராண்ட், வாலோடு நின்றால் தாம்சன். ஈலாண்ட்தான் மிகப் பெரியது, ஆண் 900 கிலோவரை வளரும், ஆனால் வண்டியைக் கண்டாலே முதலில் ஓடுவதும் அதுதான். தூரத்திலேயே நிறுத்தி, மந்தையை நிலப்பரப்போடு சேர்த்து 200 மி.மீ.யில் எடுங்கள். நெருங்கிப் போய் முதுகுகளை எடுப்பதைவிட அது பல மடங்கு மேல்.

ஓடும் மந்தையோடு கேமராவையும் திருப்பி ஓட்டத்தை இழுத்தெடுக்க (பேனிங்) 1/40 போதும். லென்ஸ் ஸ்டெபிலைசரைப் பக்கவாட்டு அசைவுக்கான நிலைக்கு மாற்றுங்கள், மந்தை உங்கள் முன்னால் குறுக்காக ஓட வேண்டும். நூற்றில் மூன்று தேறினால் நல்ல நாள். பகல் ஒளியில் 1/40 என்றால் அப்பெர்ச்சர் எஃப் 16, 22 என்று சுருங்கும், சென்சாரில் ஒட்டிய தூசி எல்லாம் கரும்புள்ளியாகத் தெரியும். போலரைசர் போட்டால் ஒன்றரை ஸ்டாப்வரை ஒளி குறையும், அப்பெர்ச்சரை அந்த அளவுக்குச் சுருக்க வேண்டியதில்லை.

பிறகு சேர்த்தவை

பிளக்: கென்யாவில் சதுர மூன்று முனை, 240 வோல்ட். சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து போகிறவர்களுக்கு அடாப்டர் தேவையில்லை, இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்குத் தேவை. பல முகாம்களில் இரவில் மின்சாரம் நிற்கும், அதனால் மூன்று பேட்டரியாவது இருக்கட்டும்.

டிரோன்: கென்யாவின் காப்பகங்களில் அனுமதியில்லாமல் பறக்கவிட முடியாது. கொண்டுபோகாதீர்கள்.

குட்டிகள்: கசெல், இம்பாலாக் குட்டிகள் பிறந்த முதல் நாட்களில் புல்லுக்குள் அசையாமல் படுத்திருக்கும். தாய் தள்ளி நின்று மேயும், பால் கொடுக்க மட்டும் வரும். அநாதையாகக் கிடக்கிறது என்று நினைத்து அருகில் வண்டியை நிறுத்தினால் தாய் வராது. நரி வண்டியைப் பார்த்தே இடத்தைத் தெரிந்துகொள்ளும். படுத்திருக்கும் குட்டியைக் கண்டால் ஒரு படம்கூட வேண்டாம், டிரைவரிடம் "ட்வெண்டே" என்று சொல்லுங்கள், போகலாம் என்று பொருள். 200 மீட்டர் தள்ளிப்போய் தாய் திரும்பி வருகிறதா என்று பைனாகுலரில் பாருங்கள்.