உடலுறவில் வலியா? எங்கே வலிக்கிறது என்று முதலில் பாருங்கள்

நுழையும்போதே எரிந்தால் வறட்சி காரணமாக இருக்கலாம். தாய்ப்பால் கொடுக்கும் மாதங்களிலும் மாதவிடாய் நின்ற பிறகும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்து யோனியின் உட்சுவர் மெலிந்து காய்ந்துவிடும். ஆசை இல்லை என்று அர்த்தமில்லை. தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட லூப்ரிகண்டை (வழவழப்பான ஜெல்) இருவரும் தாராளமாகத் தடவுங்கள், காய்ந்தால் மறுபடியும். லேடெக்ஸ் ஆணுறையோடு எண்ணெய் வேண்டவே வேண்டாம், உறை நைந்து கிழியும். உள்ளே சோப்புப் போட்டுக் கழுவாதீர்கள்.

யோனியைச் சுற்றியுள்ள தசை தானாக இறுகிக்கொண்டால் பல்லைக் கடித்துப் பொறுக்காதீர்கள். வலியை எதிர்பார்த்தே அடுத்த முறை இன்னும் இறுகும். நிறுத்துங்கள். மூச்சை மெதுவாக விட்டு, சிறுநீர் கழிக்கும்போது தளர்த்துவதுபோல் தளர்த்துங்கள்.

ஆழத்தில் வலித்தால் பெண் மேலே இருக்கலாம். ஆழமும் வேகமும் அவர் கையில் இருக்கும். உறவுக்குப் பின் ரத்தம், துர்நாற்றம், காய்ச்சல், தொடரும் அடிவயிற்று வலி என்றால் தள்ளிப்போடாமல் மகளிர் மருத்துவரைப் பாருங்கள்.