முறைசார் மீளாய்வு: தேடத் தொடங்கும் முன் கவனிக்க

ஒரு மருத்துவக் கேள்விக்கு இதுவரை வெளிவந்த ஆய்வுகள் அனைத்தையும் திரட்டி எடைபோடும் முறைசார் மீளாய்வில் இறங்குவோர், முதல் கட்டுரையைத் திறப்பதற்கு முன்பே செயல்திட்டத்தை எழுதி, இத்தகைய மீளாய்வுகளுக்காக 2011 முதல் இயங்கிவரும் பிராஸ்பெரோ பதிவேட்டில் பதிந்துவிடுவது நல்லது. முடிவுகளைப் பார்த்த பிறகு விதிகளை வளைக்கும் ஆசை யாருக்கும் வரும். பதிவு அதற்கொரு கடிவாளம்.

கேள்வியை நோயாளிகள், சிகிச்சை, ஒப்பீடு, விளைவு என நான்காகப் பிரித்துக்கொண்டால் தேடுசொற்கள் தெளிவாகும். பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். 'ஹார்ட் அட்டாக்' என்று மட்டும் தேடினால், அதையே 'மயோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன்' என்று எழுதியவர்களின் ஆய்வுகள் நழுவிவிடக்கூடும். ஆகவே ஒரே பொருள் தரும் சொற்களை 'ஆர்' (OR) கொண்டும், வெவ்வேறு பகுதிகளை 'அண்ட்' (AND) கொண்டும் இணைத்து, பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தரவுத்தளத்தோடு நின்றுவிடாமல் எம்பேஸ், காக்ரேன் தரவுத்தளங்களிலும் தேட வேண்டும். விளைவுக்குரிய சொற்களைத் தேடலில் சேர்க்காமல் விடுவதே பெரும்பாலும் உத்தமம். ஆய்வில் அளந்திருந்தும் சுருக்கத்தில் அவற்றைக் குறிப்பிடாத கட்டுரைகள் உண்டு.

கிடைத்த கட்டுரைகளில் எவற்றைச் சேர்ப்பது என்ற தேர்வை இருவர் தனித்தனியே செய்து, பிறகு ஒப்பிட வேண்டும். முழுமையாகப் படித்து விலக்கிய ஒவ்வொரு கட்டுரைக்கும் காரணத்தை அன்றன்றே குறித்துவையுங்கள். மீளாய்வு அறிக்கையில் என்னென்ன இடம்பெற வேண்டும் எனச் சொல்லும், 27 அம்சங்கள் கொண்ட பிரிஸ்மா 2020 நெறிமுறை அதைக் கேட்கும், மாதங்கள் கழித்து நினைவிலிருந்து எழுதுவது பெரும்பாடு. நோயாளிகளும் சிகிச்சையும் ஒன்றுக்கொன்று பொருந்தாத ஆய்வுகளின் எண்களை ஒன்றாகக் கூட்டிச் சராசரி காண்பதைவிட, வேறுபாடுகளை எழுத்தில் விளக்குவதே நேர்மையானது.