திருப்பூரில் இருந்துகொண்டு ஷாம்பெயின் வாங்குவது எப்படி?

போன வருஷம் பிரான்ஸிலிருந்து நம்மிடம் துணி வாங்கும் பையர் அம்மா ஒருத்தர் வருகிறார் என்று முதலாளி என்னைக் கூப்பிட்டார். "தம்பி, ஒரு ஷாம்பெயின் பாட்டில் ஏற்பாடு பண்ணீரு. உனக்குத்தான் இதெல்லாம் தெரியுமே." துணியைத் தொட்டுப் பார்த்து ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் எடை) சொல்லத் தெரியும். ஷாம்பெயின் தெரியாது. ஆனாலும் "சரிங்ண்ணா" என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். அதில் பட்டுத் தெரிந்துகொண்டதுதான் இந்தப் பதிவு. 21 வயது ஆகாதவர்கள் இத்தோடு கிளம்பிவிடுங்கள்.

முதலில் லேபிள். பிரான்ஸின் ஷாம்பெயின் வட்டாரத்தில் விளைந்த திராட்சையில், பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்க வைத்தால்தான் அது ஷாம்பெயின். லேபிளில் அந்தப் பெயர் இருக்க வேண்டும். இல்லையென்றால் அது வெறும் ஸ்பார்க்ளிங் ஒயின், அதாவது நுரைக்கிற ஒயின். 'ப்ரூட்' என்றால் இனிப்பு குறைவு, லிட்டருக்கு 12 கிராமுக்குள். 'எக்ஸ்ட்ரா ட்ரை' என்பது ப்ரூட்டைவிட இனிப்பு, பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். வீட்டு விசேஷத்துக்கு நுரை பொங்கினால் போதும் என்றால் நாசிக்கில் செய்யும் சூலா ப்ரூட், ஷாண்டோன் போதும். அவையும் பாட்டிலுக்குள் நொதிக்க வைப்பவைதான். நான் இப்போது அதைத்தான் வாங்குகிறேன்.

எங்கே வாங்குவது? நம் மாநிலத்தில் சில்லறைக் கடை என்றால் டாஸ்மாக் மட்டும்தான். தெருமுனைக் கடையில் கேட்டுச் சிரிப்புக்கு ஆளாகாதீர்கள். வெளிநாட்டுச் சரக்கு வைக்கிற எலைட் கடைக்குப் போங்கள், கோயம்புத்தூர்ப் பக்கம் தேடுங்கள். காந்தி ஜெயந்தி, திருவள்ளுவர் தினம் மாதிரி நாட்களில் கடை இருக்காது, பொங்கலுக்கு ஆள் வருகிறார் என்றால் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். நட்சத்திர ஹோட்டல் பாரில் கிடைக்கும், ஆனால் அங்கேயே குடித்துவிட்டு வர வேண்டும். வீட்டுக்கே கொண்டுவந்து தருவதாக வாட்ஸ்அப்பில் வருகிற ஆட்களை பிளாக் பண்ணுங்கள். வாளையார் தாண்டிக் கேரளா போய் வாங்கி வரலாம் என்ற யோசனையும் வேண்டாம், செக்போஸ்ட்டில் மாட்டினால் கேஸ்.

மிச்சம் இருப்பது ஏர்போர்ட் ட்யூட்டி ஃப்ரீ. வெளிநாட்டிலிருந்து வரும் ஒருவர் 2 லிட்டர் வரை வரியில்லாமல் கொண்டுவரலாம். 750 மில்லி பாட்டில் இரண்டு சரி, மூன்றாவது கணக்கைத் தாண்டிவிடும். அப்போது நான் பிடித்தது இந்த வழியைத்தான்.

பாட்டில் எங்கே நின்றது? நான் கவிழ்ந்த இடம் இதுதான். வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த மச்சானிடம் சொல்லிவிட்டேன். அவனும் ஒரு ஏர்போர்ட் கடையில், பளபளவென்று விளக்கு போட்ட கண்ணாடி அலமாரியிலிருந்து, இளஞ்சிவப்பாக இருந்த ஒன்றை எடுத்து வந்தான். உள்ளே இருப்பது தெரிகிற வெள்ளைக் கண்ணாடி பாட்டில், பார்க்க அத்தனை அழகு. திறந்து ஊற்றினோம். அந்த அம்மா மூக்கருகே கொண்டுபோனார், ஒரு வாய் நனைத்தார், சிரித்துக்கொண்டே கிளாஸை மேஜையில் வைத்தார். அப்புறம் அதைத் தொடவே இல்லை. நான் மோந்து பார்த்தேன். கல்யாணப் பந்தியில் முட்டைக்கோஸ் வேகும் வாசம்!

காரணம் வெளிச்சம். ஒயினில் இருக்கும் ரிபோஃப்ளேவின் என்ற வைட்டமின் ஒளி பட்டால் வேலை செய்து கந்தக நாற்றத்தைக் கிளப்பிவிடும். கரும்பச்சை பாட்டில் ஓரளவு தாங்கும், வெள்ளைக் கண்ணாடி தாங்காது. க்ரிஸ்டல் ஷாம்பெயினை ஆரஞ்சு நிறத் தாள் சுற்றி விற்பது இதற்காகத்தான். ஷோரூம் கண்ணாடிக்குள் ஆறு மாசம் தொங்கிய சட்டை தோள்பட்டையில் வெளுத்திருக்குமே, அதே கதை.

அதனால் இப்போது நான் கடையில் பிராண்டைக் கேட்பதற்கு முன் இதைத்தான் கேட்கிறேன்: "ஏனுங்ண்ணா, உள்ள அட்டைப்பெட்டியில இருக்கறதுல ஒண்ணு குடுக்கறீங்களா?" பெரும்பாலும் எடுத்துத் தருகிறார்கள். ஷோகேஸில் இருப்பது மட்டும்தான் என்றால் வாங்குவதில்லை. ஏசி ஓடும் கடையா, கழுத்துத் தாள் பிசுபிசுக்கிறதா என்றும் பாருங்கள். பிசுபிசுத்தால் கசிந்திருக்கிறது, சூடு பட்டிருக்கலாம்.

வீட்டுக்கு. சித்திரை வெயிலில் கார் டிக்கியில் போட்டுவிட்டு அவிநாசி ரோட்டில் சாப்பிட உட்காராதீர்கள். ஃப்ரிட்ஜில் நாலு மணி நேரம், இல்லை ஐஸும் தண்ணியும் கலந்த பக்கெட்டில் அரை மணி நேரம். ஃப்ரீசர் வேண்டாம், வெடிக்கும். உள்ளே கார் டயரைவிட இரண்டு மடங்குக்கு மேல் அழுத்தம் இருக்கிறது. கார்க்கின் மேல் கட்டியிருக்கும் கம்பியை ஆறு அரைச்சுற்று சுற்றிக் கழற்றும்போது கட்டைவிரலைக் கார்க்கிலிருந்து எடுக்காதீர்கள். கார்க்கை இறுகப் பிடித்துக்கொண்டு பாட்டிலைத் திருப்புங்கள்.

பிற்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு ஈரோட்டு நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். சிங்கப்பூரில் வாங்கியதை சென்னையில் இறங்கியதும் மாமனாருக்குக் காட்ட, ட்யூட்டி ஃப்ரீ கடையில் போட்டுத் தந்த சீல் பையைப் பிரித்தாராம். கோவை விமானத்துக்கு ஏறப்போகையில் செக்யூரிட்டியில் பாட்டிலை வாங்கி வைத்துவிட்டார்கள். வீடு வந்து சேரும்வரை பையைப் பிரிக்காதீர்கள். நடுவில் விமானம் மாறுவதாக இருந்தால், கஸ்டம்ஸ் முடிந்ததும் பாட்டிலை நாலு பனியனில் சுற்றி செக்-இன் பெட்டிக்குள் வைத்துவிடுவது உத்தமம். திருப்பூர்க்காரனுக்கு பனியனுக்கா பஞ்சம்?