இரண்டு நாட்டுக் கொடிகளைப் பக்கத்தில் பக்கத்தில் கட்டும்போது

மொரீஷியஸின் ரோஸ் ஹில் ஊரில் எங்கள் கோயில் மண்டபத்துக்கு இந்தியாவிலிருந்து விருந்தினர் வந்தால், கொடி கட்டும் வேலை என்னுடையது. முதலில் இரண்டு கொடிகளையும் மேசைமேல் விரித்து அளந்து பாருங்கள். இரண்டுக்கும் 2:3 விகிதம்தான். ஒன்று சின்னதாக இருந்தால் கட்டவே வேண்டாம், வந்தவர் மனம் நோகும்.

1968 மார்ச் 12 முதல் பறக்கும் நம் மொரீஷியஸ் கொடியில் மேலிருந்து சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை. இந்தியக் கொடியில் காவி மேலே, நடு வெள்ளையில் 24 ஆரங்கள் கொண்ட சக்கரம். அவசரத்தில் குழம்பினால் ஒன்றை நினைவில் வையுங்கள்: இரண்டிலும் பச்சைதான் அடியில். ஒருமுறை விடியுமுன் இருட்டில் கட்டியதில் காவி கீழே போய்விட்டது. பூ கட்டும் பாட்டிதான் பார்த்துச் சொன்னார். இன்றும் அது எனக்கு உறுத்துகிறது. இப்போதெல்லாம் விளக்கைப் போட்டு, பத்தடி தள்ளி நின்று பார்க்காமல் நகர்வதில்லை.

அப்புறம் இடம். எதிரே நின்று பார்ப்பவருக்கு நம் கொடி இடப்பக்கம், விருந்தினர் கொடி வலப்பக்கம். தனித்தனிக் கம்பம், ஒரே உயரம். ஒரே கம்பத்தில் மேலும் கீழுமாகக் கட்டவே கூடாது. குறுக்காக வைத்தால் நம் கொடிக்கம்பு முன்னால் வரட்டும். இறக்கும்போது இரண்டையும் சேர்த்தே இறக்குங்கள், மண்ணில் படாமல்.