வெளிநாட்டு மேற்படிப்பு: நம் பட்டத்தை எடைபோடும் இடத்தில் நேரும் தவறுகள்

கும்பகோணத்திலோ பூண்டியிலோ மன்னம்பந்தலிலோ பி.எஸ்ஸி. முடித்துவிட்டு வெளிநாட்டில் எம்.எஸ். படிக்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "என் மார்க்குக்கு அங்கே கிடைக்குமா?" என்றுதான். சேர்க்கைக் குழு அதற்கு முன்பே வேறு மூன்றைப் பார்த்துவிடும்: எத்தனை வருடப் படிப்பு, பட்டம் கொடுத்தது யார், பட்டம் கொடுத்த இடத்தில் பாஸ் மார்க் எவ்வளவு.

மூன்று வருடப் பட்டம் அமெரிக்காவில் செல்லாது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அங்கே இளநிலை நான்கு வருடம் என்பதால் கிளம்பியது அது. அப்படி நாடு முழுவதற்கும் ஒரே விதி கிடையாது. சில பல்கலைக்கழகங்கள் ஏற்கும், சில எம்.எஸ்ஸி.யையும் சேர்த்துக் கேட்கும். துறையின் சேர்க்கைப் பக்கத்தைப் படிக்காமல் ஆசையை விடுவதும் தவறு, பணம் கட்டுவதும் தவறு. இங்கிலாந்தில் இளநிலையே பெரும்பாலும் மூன்று வருடம்தான். அங்கே இந்தத் தொல்லை குறைவு. பி.இ.காரர்களுக்கு இந்தக் கவலையே வேண்டாம்.

அதிகம் பேர் சறுக்குவது மார்க்கைத் தாங்களே மாற்றுவதில். அமெரிக்காவின் 4 புள்ளி அளவுக்காக 70 சதவீதத்தை 25-ஆல் வகுத்து 2.8 என்று எழுதுகிறார்கள். நம் ஊரில் 60-க்கே முதல் வகுப்பு. அதை அறிந்தவர் 70-ஐ அப்படிக் குறைத்துப் படிக்க மாட்டார். மதிப்பெண் பட்டியலில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள், மாற்றுவது அவர்கள் வேலை.

ஜெர்மனியில் இன்னும் நுணுக்கம். உச்ச மதிப்பெண்ணிலிருந்து உங்கள் மதிப்பெண்ணைக் கழித்து, உச்சத்துக்கும் பாஸ் மார்க்குக்கும் உள்ள இடைவெளியால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்டுவார்கள். அங்கே 1 தான் சிறந்தது, 4 பாஸ். பாஸ் மார்க் 40 என்றால் 70 எடுத்தவருக்கு 2.5 வரும். முதுநிலைக்கான 50-ஐத் தவறிப்போய் எழுதினால் 2.8 ஆகிவிடும். பல படிப்புகளில் 2.5 தான் எல்லை என்பதால் இது சின்ன விஷயம் இல்லை. பாஸ் மார்க் டிரான்ஸ்கிரிப்டில் (எல்லா செமஸ்டர் மார்க்கும் சேர்ந்த அதிகாரபூர்வப் பட்டியலில்) அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். ஜெர்மனிக்கு ஏ.பி.எஸ். சான்றிதழும் (நம் கல்விச் சான்றுகள் சரிபார்க்கப்பட்டதற்கான சான்று) 2022 நவம்பரிலிருந்து பொதுவாகக் கட்டாயம். கடைசி மாதத்தில் ஓடாதீர்கள்.

அப்புறம், விண்ணப்பத்தில் வரும் பட்டியலில் கல்லூரிப் பெயரைத் தேடிக் காணோம் என்று பதறுவது. இணைப்புக் கல்லூரி, தன்னாட்சிக் கல்லூரி எதுவானாலும் பட்டம் தருவது அது இணைந்திருக்கும் பல்கலைக்கழகம். பொறியியல் என்றால் பெரும்பாலும் அண்ணா பல்கலைக்கழகம். தேட வேண்டியது அந்தப் பெயரை. ஆனால் தன்னாட்சிக் கல்லூரியில் மார்க் ஷீட் கல்லூரியின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடமிருந்து வருவதால், டிரான்ஸ்கிரிப்டுக்கு எங்கே விண்ணப்பிக்க வேண்டும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுப் பட்டங்களை எடைபோட்டு அறிக்கை தரும் டபிள்யூ.இ.எஸ். என்ற நிறுவனத்தின் மதிப்பீட்டை எல்லாரும் கேட்பதில்லை. பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் தாங்களே மதிப்பிடும், விண்ணப்பத்தின்போது ஸ்கேன் பிரதியே போதும் என்றும் சொல்லும். கேட்காத இடத்துக்காக டாலரைக் கொட்ட வேண்டாம். கேட்டால், பாடவாரியான அறிக்கையா பொது அறிக்கையா என்று பார்த்துக் கட்டுங்கள்.

அரியர் இருந்த செமஸ்டரின் மார்க் ஷீட்டை விட்டுவிட்டு அனுப்புவதும் நடக்கிறது. அரியரைவிடக் காணாமல்போன பக்கம்தான் சந்தேகத்தைக் கிளப்பும். சீல் வைத்த உறையில் கல்லூரி டிரான்ஸ்கிரிப்ட் கொடுத்தால், உள்ளே சரியாக இருக்கிறதா என்று பிரித்துப் பார்க்காதீர்கள். சரிபார்க்க இன்னொரு பிரதி வாங்கிக்கொள்ளுங்கள்.