ஜெர்மனிக்கு மேற்படிப்பு: சேர்க்கைக் கடிதத்துக்குப் பின் நடக்கும் தவறுகள்

ஜெர்மனியில் எம்.எஸ். படிக்க இடம் வாங்கித் தருவதாகச் சொல்லும் ஆலோசனை மையங்கள் கோயம்புத்தூர், திருச்சி, மதுரை என்று எல்லா ஊர்களிலும் வந்துவிட்டன. சேர்க்கைக் கடிதம் கைக்கு வந்ததும் அவர்கள் வேலை முடிந்துவிடுகிறது. மாணவருக்குத் தொல்லை தொடங்குவது அதற்குப் பிறகுதான். அந்த நாட்டு நிர்வாகத்தில் ஒரு காகிதம் இல்லாமல் அடுத்த காகிதம் நகராது. புதிதாகப் போகிறவர்கள் பணத்தையும் மாதங்களையும் இழப்பது பெரும்பாலும் இந்த வரிசை தெரியாததால்தான்.

முதலில் ஒரு சிறு எச்சரிக்கை. "ஜெர்மனியில் படிப்பு இலவசம்" என்ற பேச்சை அப்படியே நம்பக் கூடாது. பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்பது உண்மை. ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து முதுநிலைக்கு இதேபோல் பருவத்துக்கு 4,000 அல்லது 6,000 யூரோ கேட்கிறது. தனியார் கல்லூரிகளின் கணக்கே வேறு. முகவர் ஒருவர் தனியார் கல்லூரிகளையே திரும்பத் திரும்பச் சொன்னால், அவருக்குக் கமிஷன் எங்கிருந்து வருகிறது என்று யோசித்துக்கொள்ளலாம்.

ஏ.பி.எஸ். சான்றிதழுக்குச் சேர்க்கைக் கடிதம் வரும்வரை காத்திருப்பது அடுத்த தவறு. இந்தியாவில் பட்டம் பெற்றவர்களின் மதிப்பெண் பட்டியலையும் பட்டத்தையும் சரிபார்த்துத் தரும் இந்தச் சான்று, 2022 நவம்பர் முதல் மாணவர் விசாவுக்குக் கட்டாயம். விண்ணப்பிக்கும்போதே இதைக் கேட்கும் பல்கலைக்கழகங்களும் உண்டு. கடைசிப் பருவத் தேர்வு நடக்கும்போதே இதற்கான வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.

அதற்கும் முன்னால் பெயரைச் சரிசெய்ய வேண்டும். நம் ஊர்க்காரர்களுக்கென்றே உள்ள சிக்கல் இது. மதிப்பெண் பட்டியலில் "கார்த்திக் எம்." என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் "கார்த்திக் முருகேசன்" என்று இருக்கும், அல்லது குடும்பப் பெயருக்கான இடம் காலியாக இருக்கும். ஜெர்மன் அலுவலகங்களுக்குக் குடும்பப் பெயர் இல்லாத மனிதன் புரியாத புதிர். எல்லாம் சரியாக இருந்தாலும் அங்கே போனதும் கார்த்திக்கை யாரும் கார்த்திக் என்று அழைக்கப்போவதில்லை. கடிதங்கள் எல்லாம் "திரு. முருகேசன்" என்றே வரும். விடுதி வாசலில் உள்ள தபால் பெட்டியில் அவர் ஆசையாகக் "கார்த்திக்" என்று ஒட்டி வைத்திருப்பார். தபால்காரர் முருகேசனைத் தேடுவார், காணாமல் திருப்பி அனுப்பிவிடுவார். வங்கி அட்டை, அதன் ரகசிய எண், காப்பீட்டுக் கடிதம், வரி எண் என எல்லாமே அங்கே தபாலில்தான் வருகின்றன. ஆகவே பாஸ்போர்ட்டில் உள்ள குடும்பப் பெயரைத் தபால் பெட்டியில் ஒட்டுவது, அறைக்குள் பெட்டியை இறக்கியதும் செய்ய வேண்டிய வேலை. அறையில் இன்னொருவரோடு தங்கினால் அவர் பெயருக்குக் கீழே உங்கள் பெயரும் இருக்கட்டும்.

பணத்தைப் பொறுத்தவரை, விசாவுக்காக முடக்கப்பட்ட கணக்கில் ஓராண்டுச் செலவைப் போட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் இது 11,904 யூரோ. அதிலிருந்து மாதம் 992 யூரோ மட்டுமே கைக்கு வரும். இதுவே போதும் என்று நினைத்துப் போகிறவர்கள் முதல் மாதத்திலேயே திணறிப்போகிறார்கள். வீட்டு முன்பணமாக மூன்று மாத அடிப்படை வாடகை வரை கேட்கச் சட்டம் அனுமதிக்கிறது. அதோடு முதல் மாத வாடகை, பருவக் கட்டணம் (கல்விக் கட்டணம் இல்லாத இடத்திலும் இது உண்டு), காப்பீடு எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். முடக்கப்பட்ட கணக்கிலிருந்து முதல் தொகை வருவதற்கும் அங்கே ஒரு வங்கிக் கணக்கு தொடங்கியிருக்க வேண்டும். ஆகவே 1,500 முதல் 2,000 யூரோ வரை தனியாகக் கொண்டுபோவது நல்லது. லைப்சிக், கெம்னிட்ஸ் போன்ற கிழக்கு நகரங்களில் 992 யூரோவில் காலம் தள்ளலாம். மியூனிக்கில் வாடகையே அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும்.

எல்லாவற்றுக்கும் வேர் முகவரிதான். வீட்டுக்குக் குடிபுகுந்த இரண்டு வாரங்களுக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். அதற்கு வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட உறுதிப் படிவம் வேண்டும். இணையத்தில் மலிவாக ஓர் அறை கிடைக்கும், அடியில் சிறிய எழுத்தில் "முகவரிப் பதிவு இயலாது" என்று போட்டிருக்கும். மாதம் நூறு யூரோ மிச்சம் என்று அதை எடுப்பவர் எல்லாவற்றிலும் மாட்டிக்கொள்கிறார். பதிவு இல்லையென்றால் வரி எண் வராது. வரி எண் இல்லாமல் பகுதிநேர வேலைக்குப் போனால் மிக உயர்ந்த வரிப் பிரிவில் சம்பளத்தைப் பிடித்துவிடுவார்கள். வதிவிட அனுமதிக்கும் அந்தப் பதிவுச் சான்றே அடிப்படை.

அரசு மாணவர் சேவை அமைப்புகளின் விடுதிகளுக்குப் பல நகரங்களில் நீண்ட காத்திருப்புப் பட்டியல் இருக்கிறது. சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே விண்ணப்பித்துவிட வேண்டும், விசா வரட்டும் என்று தள்ளிப்போடக் கூடாது. இந்த அவசரத்தைத்தான் மோசடிக்காரர்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள். "நான் இப்போது லண்டனில் வேலையில் இருக்கிறேன், முன்பணத்தை அனுப்புங்கள், சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்" என்று மின்னஞ்சல் வந்தால் பதிலே போடாதீர்கள். அங்கே படிக்கும் யாரையாவது நேரில் அனுப்பி வீட்டைப் பார்க்காமல் ஒரு யூரோவும் அனுப்ப வேண்டாம்.

மருத்துவக் காப்பீட்டில் நடக்கும் தவறு உடனே தெரியாது, ஆனால் திருத்தவும் முடியாது. விசாவுக்கு எடுக்கும் பயணக் காப்பீடு பல்கலைக்கழகப் பதிவுக்குச் செல்லாது. 30 வயதுக்கு உட்பட்டவர்கள் பொதுக் காப்பீட்டில் மாணவர் கட்டணத்தில் சேரலாம், மாதம் 140 யூரோவைத் தாண்டும். சில முகவர்கள் மலிவான தனியார் காப்பீட்டைக் காட்டி, பொதுக் காப்பீட்டிலிருந்து விலக்கு வாங்க வைக்கிறார்கள். அந்த விலக்கை வாங்கிவிட்டால் படிப்பு முடியும்வரை மாணவராகப் பொதுக் காப்பீட்டுக்குத் திரும்ப முடியாது. மருத்துவரிடம் கையிலிருந்து பணம் கட்டி, பிறகு ரசீதோடு காப்பீட்டு நிறுவனத்திடம் மல்லுக்கட்டும்போதுதான் அந்த மலிவின் விலை தெரியும்.

கையில் கிடைக்கும் நுழைவு விசா சில மாதங்களுக்குத்தான் செல்லும். அது முடிவதற்குள் வெளிநாட்டினர் அலுவலகத்தில் வதிவிட அனுமதிக்கு விண்ணப்பித்தாக வேண்டும். பெரிய நகரங்களில் அங்கே நேரம் கிடைப்பதே மாதக்கணக்கில் ஆகும் என்பதால் போய்ச் சேர்ந்த வாரமே கேட்டு வைக்க வேண்டும்.

பெட்டி கட்டுவதைப் பற்றி அம்மாக்களுக்கு ஒரு சொல். இட்லிப் பொடி, புளிக்காய்ச்சல் தாராளமாகப் போகலாம். நெய், பால்கோவா, கருவாட்டுக் குழம்பு என்று வரிசையாக அடுக்குகையில் கொஞ்சம் நிற்க வேண்டும். பால் பொருள்களையும் இறைச்சியையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து கொண்டுவரத் தடை உண்டு, சுங்கத்தில் பிடித்தால் குப்பைக்குத்தான் போகும். கருவாட்டுக்கு அந்தத் தடை இல்லை, ஆனால் விமானத்தில் பக்கத்தில் இருப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். அலுமினிய குக்கர் இண்டக்‌ஷன் அடுப்பில் சூடாகாது. குளிர் உடுப்பை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

பகுதிநேர வேலையை நம்பி முதல் பருவத்துக் கணக்கைப் போடாதீர்கள். ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம், ஆனால் ஜெர்மன் தெரியாமல் கிடங்கு வேலைக்குக்கூடப் போட்டி இருக்கிறது. சுயதொழிலாக எதையும் செய்யத் தனி அனுமதி வேண்டும்.

கடைசியாகத் தேர்வு. நம் கல்லூரிகளில் அரியர் வைத்து, பிறகு மெதுவாக எழுதி முடித்த பழக்கத்தோடு போகிறவர்கள் அங்கே பெரிய அதிர்ச்சிக்கு ஆளாகிறார்கள். வகுப்புக்குப் போனால் போதாது, ஒவ்வொரு தேர்வுக்கும் குறித்த தேதிக்குள் தனியாகப் பதிவு செய்ய வேண்டும், தவறினால் அந்தப் பருவத்தில் எழுத முடியாது. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஒரு பாடத்துக்கு மூன்று வாய்ப்புதான். மூன்றாவதிலும் தோற்றால் பெயரை நீக்கிவிடுவார்கள், அதே படிப்பை ஜெர்மனியின் வேறு பல்கலைக்கழகத்தில் தொடரவும் வழி அடைபட்டுவிடும். தயாராகாத தேர்விலிருந்து விலகிக்கொள்ளவும் ஒரு கடைசி நாள் இருக்கிறது. அது தேர்வு விதிமுறையில் அச்சிடப்பட்டிருக்கும், பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். முதல் வாரத்திலேயே அந்த விதிமுறையை எடுத்துப் படித்து, தேதிகளை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.