காவிரியின் இரு கரையிலும் 35 கிலோமீட்டர்: சுற்றுப்பாதை வகுப்பது எப்படி?

ஆற்றோரச் சுற்றோட்டத்துக்குப் பாதை போடுபவர்கள் முதலில் பார்ப்பது கரைச் சாலையை. முதலில் பார்க்கவேண்டியது பாலங்களை. கரை எவ்வளவு நன்றாக இருந்தாலும், மறுகரைக்குப் போக வழியில்லையென்றால் அது சுற்று இல்லை, போன வழியே திரும்பும் ஓட்டம்.

திருச்சியை எடுத்துக்கொள்வோம். திருவானைக்காவலில் தொடங்கி, மாம்பழச்சாலை, காவிரிப் பாலம், சத்திரம் பேருந்து நிலையம், காந்தி மார்க்கெட், சர்க்கார்பாளையம், பனையக்குறிச்சி, வேங்கூர் வழியாகத் தென்கரையில் கல்லணை. அங்கே அணையின் மேல் கடந்து கிளியூர், உத்தமர்சீலி, பனையபுரம், திருவளர்ச்சோலை வழியாகத் திரும்பவும் திருவானைக்காவல். ஏறக்குறைய 35 கி.மீ. புறவழிச்சாலைப் பாலத்தைத் தாண்டிவிட்டால் அடுத்த பாலம் கல்லணையில்தான். நடுவில் கால் பிடித்துக்கொண்டால் ஆற்றைக் குறுக்கே கடந்துவிடலாம் என்ற எண்ணமே வேண்டாம். கோடையில் வறண்ட மணல் ஆசை காட்டும். மணல் அள்ளிய பள்ளங்களும் கெண்டைக்காலை முறுக்கும் பொலபொலப்பும்தான் அங்கே காத்திருக்கின்றன. முடியாதவர்கள் சத்திரம் போகும் டவுன் பஸ்ஸைப் பிடிக்கலாம். நூறு ரூபாய் சில்லறையாக இடுப்புப் பையில் இருக்கட்டும்.

இந்தத் திசையில் ஓடினால் காவிரி எப்போதும் இடக்கைப் பக்கம் இருக்கும். இருட்டில் வழி தடுமாறினால் இது ஒன்று போதும். அதிகாலை 4:30க்குக் கிளம்பினால் நகரப் பகுதியைத் தெருவிளக்கு வெளிச்சத்தில், வண்டிகள் பெருகுமுன் கடந்துவிடலாம். காந்தி மார்க்கெட்டில் மட்டும் காய்கறி லாரிகள் அந்த நேரத்திலும் நிற்கும். அங்கே ஓடாமல் நடப்பதே மேல். கிலோமீட்டருக்கு 7 நிமிட வேகத்தில் 20வது கி.மீ. அளவில், ஏழு மணிக்குச் சற்று முன் கல்லணை. கடைசி அரைமணி, முக்கால் மணி நேரம் வெயில் கண்ணில் அடிக்கும்; விளிம்புள்ள தொப்பி வேண்டும். திரும்பும்போது வெயில் முதுகில்.

ஆனி, ஆடி மாதங்களில் கணக்கு மாறும். மேற்கிலிருந்து வரும் ஆடிக்காற்று, களைத்துப்போன பின்பாதியில் நேராக நெஞ்சில் மோதும். அப்போது திசையைத் திருப்பி, முதலில் வடகரையில், ஸ்ரீரங்கம் தீவுப் பக்கச் சாலையில் கிழக்கே போனாலும் திரும்புவது மேற்கேதான், காற்றிலிருந்து தப்ப முடியாது. ஆனால் இன்னொரு லாபம் உண்டு. காவிரியில் வெள்ளம் பெருகினால் உத்தமர்சீலி தரைப்பாலம் மூழ்கிக் கல்லணைச் சாலை துண்டிக்கப்படும். வழக்கமான திசையில் இது தெரியவருவது 25 கி.மீ. தாண்டிய பிறகு; எதிர்த்திசையில் முதல் பத்துக்குள்ளேயே தெரிந்துவிடும், அப்படியே திரும்பிவிடலாம். மேட்டூரில் வழக்கமாக ஜூன் 12-இல் தண்ணீர் திறப்பார்கள், இங்கே வந்துசேரச் சில நாள் ஆகும். உபரி நீர் திறக்கும் செய்தி வந்தால் சுற்றை ஒத்திப்போடுங்கள். ஆடிப்பெருக்கன்று வேண்டவே வேண்டாம், கூட்டத்தில் ஓட இடமிருக்காது. பாலங்களையும் முன்கூட்டியே விசாரியுங்கள்: காவிரிப் பாலத்தை 2022 இறுதியில் பராமரிப்புக்காக மூடி 2023 மார்ச்சில்தான் திறந்தார்கள்.

மார்கழியும் தையும் உகந்தவை. சித்திரை, வைகாசியில் எட்டு மணிக்கே உடல் கொதிக்கும். முழுச் சுற்று அப்போது முட்டாள்தனம்.

தண்ணீர் மணிக்கு 500 முதல் 700 மி.லி. தேவைப்படும். ஒன்றரை லிட்டராவது சுமந்து, கல்லணையில் கடையில் நிரப்பிக்கொள்ளுங்கள். ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை அரை லிட்டரில் கரைத்தால் தாகம் தீராது, வயிறுதான் கலங்கும். மாவுச்சத்து மணிக்கு 30 கிராமாவது போகவேண்டும். ஒரு வாழைப்பழத்தில் ஏறக்குறைய 25 கிராம். பசித்தபின் சாப்பிட்டால் காலம் கடந்துவிட்டது என்று பொருள், 45வது நிமிடத்திலேயே தொடங்குங்கள்.

பாதை முழுக்கச் சமதரை. சுலபம் என்று நினைத்து ஏமாறுபவர்கள் அதிகம். ஏற்ற இறக்கம் இல்லாததால் ஒரே தசைகள் நான்கு மணி நேரம் ஓயாமல் உழைக்கும். ஒன்பது நிமிட ஓட்டத்துக்கு ஒரு நிமிட நடை என்று தொடக்கத்திலிருந்தே கடைப்பிடித்தால் 28வது கி.மீ.யில் பிடிப்பு வருவது குறையும். எதிரே வரும் வண்டி தெரிய வலப்பக்கம் ஓடவேண்டும். ஆனால் சாலை ஓரத்தில் சரிவு இருக்கும், வலது பாதம் எப்போதும் தாழ்வாக விழுந்து முழங்காலின் ஓரத்தில் வலி பிடிக்கும். வண்டியே இல்லாத நேரத்தில் சாலை நடுவுக்கு வந்து போங்கள்.

தெருநாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி நடங்கள், பெரும்பாலும் விட்டுவிடும். தலைவிளக்கும், பின்னால் ஒளிரும் பட்டையும் கட்டாயம்.

ஒரு வாரம் முன்பு இருசக்கர வண்டியில் அதே நேரத்தில், அதே வழியில் ஒருமுறை போய்வாருங்கள். எந்தக் கடை எத்தனை மணிக்குத் திறக்கிறது, எங்கே சாலை பெயர்ந்திருக்கிறது, எந்த வீட்டு நாய் கட்டப்படுவதில்லை என்பதெல்லாம் வரைபடத்தில் இருக்காது. வண்டியின் மீட்டரில் தூரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கைபேசிக் கணக்கோடு ஒரு கிலோமீட்டர் முன்பின் வந்தால் தண்ணீர்க் கணக்குக்குக் கூடுதலான எண்ணையே நம்புங்கள்.